ஸ்டென்ட் வெச்ச அப்பா சர்வீஸ் ரோட்ல வாக்கிங் போலாமா?

கேள்வி: சார், நாங்க வேலூர் சத்துவாச்சாரி. அப்பாவுக்கு 61 வயசு, எட்டு மாசம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. தினம் நடக்கணும்னு டாக்டர் சொன்னதால காலைல அஞ்சரைக்கு பைபாஸ் சர்வீஸ் ரோட்ல ஒரு மணி நேரம் நடக்கறாரு, அப்புறம் அங்கயே ரோட்டோர டீக்கடைல அரை மணி நேரம் பேச்சு. லாரி புகை வேணாம்பான்னா, "புகை நுரையீரலுக்குதான்டா ஆகாது, எனக்கு கீறது ஹார்ட்டு"ன்றாரு. நடக்கறத நிறுத்திடலாமா? மாஸ்க் போட்டா போதுமா? ஏர் ப்யூரிஃபையர் வாங்கணுமா?

பதில்: நடக்கறத நிறுத்தவே வேணாம், ரோட்ட மட்டும் மாத்துங்க.

அப்பா சொன்ன டயலாக்க நான் ஓபில கேக்காத நாளே இல்ல. புகைன்னா இருமல், இருமல்னா நுரையீரல், அவ்ளோதான் கணக்கு. ஆனா ரோட்ல கண்ணுக்கு தெரியற தூசி இருக்கே, அதுல முக்கால்வாசி மூக்குலயே மாட்டி தும்மல்ல வெளிய வந்துடும், தொல்லை பண்றது கண்ணுக்கு தெரியாததுதான். டீசல் புகை, டயர் குப்பை எரிக்கற புகை இதுலல்லாம் பிஎம் 2.5ன்னு ஒரு துகள் வருது, 2.5 மைக்ரானும் அதுக்கு கீழயும், நம்ம முடியோட தடிமன்ல இருபதுல ஒரு பங்கு கூட இருக்காது, அது நேரா நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் போயி உட்காந்துக்கும். அங்க ஆரம்பிக்கற அழற்சி ரத்தத்துக்குள்ள வந்துடுது, ரத்தக்குழாய் விரிஞ்சு குடுக்கற தன்மை குறையுது, ரத்தத்த உறைய வெக்கற ப்ளேட்லெட் அணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்குது, இன்னொரு பக்கம் நரம்பு வழியா பிபி ஏறுது. இதெல்லாம் சில மணி நேரத்துலயே நடக்கற விஷயம். வருஷக்கணக்கா இழுத்தா குழாய்ல கொழுப்பு படியறதும் வேகமாகும். ஸ்டென்ட் வெச்சதால அடைப்பு இருந்த அந்த ஒரு இடம் திறந்திருக்கு, மத்த குழாயெல்லாம் அதே 61 வயசு குழாய்தான், இத அப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க.

உங்க கேள்விக்கு அச்சு அசலா லண்டன்ல ஒரு ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, 2018ல லான்செட் இதழ்ல வந்துது. 60 வயசு தாண்டினவங்க, அதுல இதய நோயாளிங்களும் உண்டு, அவங்கள டீசல் பஸ்ஸும் டாக்ஸியும் ஓடற ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்ல ஒரு நாள் ரெண்டு மணி நேரம், ஹைட் பார்க்குல இன்னொரு நாள் ரெண்டு மணி நேரம் நடக்க வெச்சாங்க. பார்க்குல நடந்தப்ப ரத்தக்குழாயோட விறைப்பு நல்லா குறைஞ்சுது, பஸ் ரோட்ல நடந்தப்ப அந்த பலன் பெருசா இல்லாம போச்சு. அதே நடை, அதே கால், இடம்தான் வேற. இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு புகையோட பாதிப்பு கம்மியா இருந்துது, அதனால அப்பாவோட மாத்திரைய ஒரு வேளை கூட விடாதீங்க.

ரொம்ப தூரம்லாம் போக வேணாம். வண்டிப்புகை ரோட்ட விட்டு இருநூறு முன்னூறு மீட்டர் தள்ளினாலே நல்லா குறைஞ்சிடும், உங்க ஏரியா உள்தெருவே போதும், வாய்ப்பிருந்தா கோட்டை பக்கம் வரட்டும். டீக்கடையையும் உள்ள மாத்திக்கணும், இது அவருக்கு கஷ்டம்தான், ஜமா அங்கதானே இருக்கு, ஆனா நடந்து முடிச்சு புகைக்கு நடுவுல அரை மணி நேரம் உட்கார்றதும் கணக்குல சேருதே. மார்கழி தைல விடிகாலைல காத்து அசையாது, சுத்தி மலை வேற, புகை கீழயே தேங்கி நிக்கும், அப்ப வெயில் வந்தப்புறம் ஏழரை எட்டுக்கு போலாம். சித்திரை வைகாசில இத செஞ்சிடாதீங்க, நம்மூரு வெயிலே தனி ஆபத்து, அப்ப விடிகாலைதான் சரி. போகி அன்னிக்கு காலைல வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

மாஸ்க்னா துணி மாஸ்க்கு, கர்ச்சீப் எதுவும் இந்த துகளுக்கு பெருசா உதவாது. என்95 மூஞ்சில ஒட்டி உட்காந்தா வடிகட்டும், பீஜிங்ல இதய நோயாளிங்க அந்த மாதிரி நல்ல மாஸ்க் போட்டு நடந்தப்ப பிபி குறைஞ்சு இருந்துது. பஸ் ஸ்டாண்டு, க்ரீன் சர்க்கிள் டிராஃபிக் பக்கம் போறப்ப போடட்டும், வேகமா நடக்கறப்ப மூச்சு வாங்கினா கழட்டிடணும்.

ப்யூரிஃபையருக்கு முன்னாடி ஒரு கேள்வி, ராத்திரி கொசுவத்தி கொளுத்தறீங்களா? 2003ல வந்த ஒரு ஆராய்ச்சில சீனா, மலேசியா கொசுவத்திங்களோட புகைய அளந்து பாத்தாங்க, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள் 75லேர்ந்து 137 சிகரெட்டு விடற அளவு. ஜன்னல சாத்திட்டு அத தலைமாட்டுல வெச்சு தூங்கிட்டு ப்யூரிஃபையர் வாங்கி என்ன பண்றது, முதல்ல ஒரு கொசுவலை வாங்குங்க. வீட்ல யாராவது பீடி சிகரெட் புடிச்சா அதுவும் நிக்கணும், வாசல்ல குப்பை கொளுத்தறதும்தான். இதெல்லாம் செஞ்சப்புறம் காசு மிச்சம் இருந்தா நுண்துகள வடிகட்டற ஹெப்பா ஃபில்டர் இருக்கறதா பாத்து வாங்குங்க, மூடின ரூம்ல வேலை செய்யும்.

அப்புறம் செய்தில காத்து லிமிட்டுக்குள்ள இருக்குன்னு வந்தா முழுசா நம்பிடாதீங்க. பிஎம் 2.5க்கு வருஷ சராசரி நம்ம நாட்டு வரம்பு ஒரு கன மீட்டர் காத்துல 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 5.

நடக்கறப்ப நெஞ்சுல அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவற வலி, காரணமில்லாம வேர்வை, இதுல எது வந்தாலும் உடனே உட்காரணும், 108க்கு போன் போடணும். "வாயு புடிச்சிக்கினு கீது, ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்"னு டீக்கடை ஜமால ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு, அவருக்கும் சேத்து இப்பவே சொல்லி வெச்சிடுங்க.