38 ஆயிரமா, 52 ஆயிரமா? கல்லூரிக்கு லேப்டாப் வாங்கும் முன்

கேள்வி: மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாமாண்டு சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறாள். கடையில் மூன்று லேப்டாப் காட்டினார்கள். ரைசன் 5 7520யு, 8 ஜிபி ராம், 38,000 ரூபாய். இன்டெல் ஐ5-13420எச், 8 ஜிபி ராம், 52,000 ரூபாய். ஏதோ ஒரு கம்பெனியில் ஓடி வந்த 14 அங்குல பிசினஸ் லேப்டாப், 11-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 29,000 ரூபாய். “ஐ5-ம் ரைசன் 5-ம் ஒன்றுதான், விலை குறைந்ததை எடுங்கள்” என்கிறார் கடைக்காரர். 14,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அதற்கேற்ற தரம் கிடைக்குமா? நான்கு வருடமும் ஓட வேண்டும். (வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: உங்கள் மகளின் படிப்புக்கு 38,000 ரூபாய் லேப்டாப் வேண்டாம். 52,000 ரூபாய்க்கானது வாங்கத் தகுந்தது, ஆனால் கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்ட பிறகு. பட்ஜெட் இடிக்கிறது என்றால், 29,000 ரூபாய் பழைய லேப்டாப்பே அந்த 38,000 ரூபாய் புதியதைவிட மேல். அதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

லேப்டாப்பில் சில பாகங்களைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம், செருக ஸ்லாட் இருந்தால் ராம், அதாவது ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம், கூட்டலாம். பிராசசர், திரை, உடல் கட்டுமானம், போர்டிலேயே ஒட்டி வரும் ராம் ஆகியவை வாங்கிய அன்று எப்படியோ கடைசிவரை அப்படியேதான். மாற்ற முடியாதவற்றுக்குப் பணம் போடுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபியா 1 டிபியா என்பதையெல்லாம் இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் “ஐ5-ம் ரைசன் 5-ம் ஒன்றுதான்” என்ற பேச்சு. 5 என்பது ஒரு வரிசையின் பெயர், அவ்வளவே. ரைசன் 7000 வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது எண். 7520-இல் அது 2. அதாவது உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு; வேலையைச் செய்யும் கோர் நான்கு. அதே ரைசன் 5 பெயரில் வரும் 7530யு-வில் மூன்றாவது எண் 3, அது ஜென் 3, கோர் ஆறு. ஸ்டிக்கர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. இன்டெல் ஐ3-1215யு பெயரளவில் ‘3’ என்றாலும் இரண்டு பெரிய கோர், நான்கு சிறிய கோர் கொண்டது. வேகத்தில் 7520யு-வைத் தாண்டிவிடும். இதே 38,000 ரூபாய் வாக்கில் ஐ3-1215யு உள்ள மாடல் கிடைத்து, அதில் ராம் ஸ்லாட்டும் காலியாக இருந்தால், உங்கள் மூன்றோடு நான்காவதாக அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐ5-13420எச்-இல் பெரிய கோர் நான்கு, சிறியது நான்கு. நான்கு வருடப் படிப்புக்குத் தாராளம். கடைசியில் உள்ள ‘எச்’ எழுத்துக்கு அடிப்படை மின்செலவு 45 வாட், ‘யு’ வகைக்கு 15 வாட் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எச் வகை வேகமானது. அதற்கு ஏற்ப சூடாகும், ஃபேன் சத்தம் கேட்கும், பேட்டரியையும் சீக்கிரம் குடிக்கும். ஹாஸ்டல் கட்டிலில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் அடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டு வேகம் தானாகக் குறையும். ஒரு மரப்பலகை போதும், கூலிங் பேடெல்லாம் தேவையில்லை.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது ராம். 7520யு பிராசசர் எல்பிடிடிஆர்5 வகை ராமை மட்டுமே ஏற்கும். அந்த வகை போர்டில் ஒட்டியே வரும், ஸ்லாட் இருக்காது. 8 ஜிபி என்றால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான். அதிலும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கென்று ஒரு பங்கு ராமிலிருந்தே போய்விடும். மிச்சத்தில் விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். முதல் வருடம் சி, பைத்தான் எழுதும்போது குறை தெரியாது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தொடங்கும்போதுதான் தெரியும்: லேப்டாப்பிலேயே மாதிரி போனாக ஓடும் எமுலேட்டரோடு சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படிக்கும். மவுஸ் நகரும், விண்டோ திறக்காது. அந்த நேரத்தில் எந்தப் பிராசசரும் காப்பாற்றாது.

அதனால் 52,000 ரூபாய் மாடலைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ராம் ஸ்லாட் எத்தனை, காலி எத்தனை? வாய்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. டெமோ மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால் கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரி இருக்கும். ‘1 ஆஃப் 2’ என்றிருந்தால் இன்னொன்று காலி. பக்கத்திலேயே ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் ராம் போர்டில் ஒட்டியது. சில மாடல்களில் 8 ஜிபி ஒட்டியும் ஒரு ஸ்லாட் காலியாகவும் வரும், அப்போது இந்த வரியை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. மாடல் எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளர் தளத்தில் அதற்கான பக்கத்தைப் பாருங்கள். ஒரே பெயரில் பத்து விதம் விற்பார்கள். கடைசி நான்கைந்து எழுத்தில்தான் வித்தியாசம்.

“இப்போதைக்கு 8 ஜிபி வாங்கி, அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்” என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்த நல்ல யோசனை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியதால் அது முன்போல மலிவான வழியாக இல்லை. ஆகவே 8 ஜிபி மாடலின் விலையோடு இன்னொரு 8 ஜிபி ராமின் இன்றைய விலையைக் கூட்டி, அதே லேப்டாப் 16 ஜிபியோடு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிடுங்கள். டிடிஆர்4 ராமுக்கான ஸ்லாட்டில் டிடிஆர்5 ராம் உட்காராது, எந்த வகை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராம் போடத் திறந்தால் வாரண்டி நிற்குமா என்பதைக் கடையில் கேட்பதைவிட அந்தக் கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் கேட்பது நல்லது. 8 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு போடும்போது ராமுக்கும் பிராசசருக்கும் இடையே தகவல் போகும் பாதை இரட்டிக்கும். தனி கிராபிக்ஸ் இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது கேள்வி திரை. ஃபுல் எச்டி என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. திரை ஐபிஎஸ் வகையா டிஎன் வகையா என்று பாருங்கள். கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: ஒரு முகம் உள்ள போட்டோவைத் திறந்து வைத்து, மூடியை மெல்லப் பின்னால் சாயுங்கள், பிறகு முன்னால் கொண்டுவாருங்கள். டிஎன் திரையில் முகம் ஒரு கோணத்தில் வெளுத்தும் மறு கோணத்தில் கருத்தும் போகும், தலைமுடி சாம்பல் ஆகிவிடும். ஐபிஎஸ்-இல் நிறம் அப்படியே நிற்கும். விலை குறைந்த மாடல்களில் ‘250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருப்பார்கள். நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, என்டிஎஸ்சி நிறங்களின் அளவு. கோடிங்குக்கு நிறம் பெரிய குறை இல்லை. வெளிச்சம் குறை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் 250 நிட்ஸ் திரையில் எழுத்தைவிட நம் முகம்தான் அதிகம் தெரியும். 300 நிட்ஸ், பளபளப்பு இல்லாத மேட் திரை என்றால் நிம்மதி. டிசைன், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு மட்டும் நிறங்களின் இன்னொரு அளவான எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் என்ற வரி அவசியம்.

மூன்றாவது, யாரும் கேட்காத கேள்வி: ஹிஞ்ச், அதாவது கீல். தினமும் பையில் போய் வரும் லேப்டாப்பில் இதுதான் முதலில் போகும் இடம், விலைக் குறைப்பு ஒளிந்திருக்கும் இடமும் இதுவே. ஹிஞ்ச் உலோகத்தால் ஆனதுதான். அது ஊன்றி நிற்கும் இடம் பலவீனமானது. மலிவான மாடல்களில் அடிப்பாகத்து பிளாஸ்டிக்கில் சின்னக் குமிழ்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் மிளகளவு பித்தளை நட்டு ஒன்றைப் புதைத்திருப்பார்கள். ஹிஞ்சின் ஸ்குரூ அந்த நட்டில்தான் இறங்குகிறது. நாள்பட ஹிஞ்ச் இறுகும். ஒரு மூலையை மட்டும் பிடித்து ஒரே கையால் தூக்கும்போது அந்தப் பக்கத்து நட்டு பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். திறக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம், அது முதல் அறிகுறி. அடுத்து, மூடி வைத்த நிலையிலும் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி. அதற்குப் பிறகும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் திரை விரிசல் விடும், ஹிஞ்சை ஒட்டிப் போகும் டிஸ்பிளே கேபிளும் அறுபடும். உடைந்ததைக் காட்டினால் பெரும்பாலும் ‘ஃபிசிகல் டேமேஜ்’ என்று சொல்லி வாரண்டியில் ஏற்க மாட்டார்கள்.

கடையில் மூடியின் நடுவைப் பிடித்துத் திறந்து பாருங்கள். இரு பக்கமும் சமமாக எழ வேண்டும். பிறகு ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் திறந்தால் மறு மூலை பின்தங்கி முறுக்கிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். கீபோர்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளமாக இறங்கக் கூடாது. ‘மில்-எஸ்டிடி-810எச்’ என்ற ராணுவத் தரநிலை ஸ்டிக்கரைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தரநிலையில் பல சோதனைகள் உண்டு, எதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்; அதைச் சரிபார்த்துச் சான்று தரும் அமைப்பு எதுவும் இல்லை.

பேட்டரிக்கு ‘10 மணி நேரம்’ என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். 42 வாட்-ஹவர் பேட்டரியில் சாதாரண வேலைக்கு 8 வாட் செலவானால் ஐந்து மணி நேரம். எச் பிராசசர் மெஷின் சராசரியாக 14 வாட் இழுத்தால் மூன்றே மணி. ஒரு நாள் வகுப்பைத் தாக்குப்பிடிக்க 50-க்கு மேல் இருந்தால் நல்லது. டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஆகும் மாடல் என்றால் சார்ஜர் தொலைந்தாலும் தவிக்க வேண்டாம்.

இனி அந்த 29,000 ரூபாய் பழைய லேப்டாப். பிசினஸ் வரிசை லேப்டாப்கள் புதிதாக விற்றபோது நீங்கள் பார்க்கும் இரண்டையும்விட விலை அதிகமானவை. ஹிஞ்ச் பெரும்பாலும் உலோகச் சட்டத்தில் பதிந்திருக்கும், கீபோர்டு உழைக்கும், ஸ்பேர் பாகம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதில் கிடைக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11 ஏற்கும் மெஷினாக இருப்பது முக்கியம். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றைத் தொடவே வேண்டாம். உங்களுக்குக் காட்டியது 11 என்பதால் கவலையில்லை.

பழையதில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரண்டு எண் வரும். இரண்டாவது, முதலாவதில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைப் பேரத்தில் கழியுங்கள். திரையில் முழு வெள்ளைப் படத்தை வைத்துப் பாருங்கள். பையில் நசுங்கிய திரையில் மங்கலான வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கம்பெனி லேப்டாப்கள் அந்தக் கம்பெனியின் நிர்வாகக் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும், முறையாக விடுவிக்காமலும் சந்தைக்கு வந்துவிடும். கடையில் எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து விண்டோஸை ரீசெட் செய்து வைஃபை கொடுத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து, அவர்களுடைய மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும். ஆகவே உங்கள் கண்முன்னே ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் இணைத்து, புதிதாக ஒரு கணக்கு தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் போக முடிகிறதா என்றும் பாருங்கள். இதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

விலைக் கணக்கையும் ஒருமுறை போடுங்கள். 38,000 ரூபாய் மெஷின் மூன்றாம் வருடப் பிராஜெக்ட் நேரத்தில் திணறி மாற்ற வேண்டியிருந்தால் வருடத்துக்கு 12,667 ரூபாய். 52,000-உடன் ராமுக்கு 6,000 போனதாக வைத்துக்கொண்டாலும் ஐந்து வருடம் ஓடினால் 11,600. அதே சமயம், அந்த 52,000 ரூபாய் மாடலில் டிஎன் திரையும் முறுக்கும் மூடியும் இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது அதே விலையில் வேறு மாடல் கேளுங்கள்.

பில் போடும்போது சீரியல் நம்பர் பில்லில் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். முன்பே தொடங்கியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஹாஸ்டல் பிள்ளைக்கு வீடு தேடி வரும் ஆன்-சைட் சர்வீஸும், கீழே விழுந்தால் தண்ணீர் பட்டால் ஈடுகட்டும் டேமேஜ் கவரும் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவை. மவுஸ், பை, ஆன்டிவைரஸ் என்று சேர்த்து விற்கும் ‘காம்போ’வுக்குப் பதில் அந்தப் பணத்தை இதில் போடுங்கள். விண்டோஸ் 11-இலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்றே எல்லாக் கீயையும், ஸ்பீக்கர், கேமரா, ஒவ்வொரு யுஎஸ்பி துளையையும் சோதித்துவிடுங்கள். மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான் இருக்கும். அது முடியும்வரை அட்டைப் பெட்டியையும் உள்ளே வந்த தெர்மாகோலையும் பரண்மேல் வைத்திருங்கள்.