மெதுவாக ஓடுகிறவர் மலைப் பந்தயத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தாம்பரத்தில் இருக்கிறேன், வங்கி வேலை. சில வருடங்களாகக் காலையில் ஓடுகிறேன். வேகம் கிடையாது; 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை 3 மணி 10 நிமிடத்தில்தான் முடித்தேன். டிசம்பரில் கோத்தகிரியில் நடக்கும் 25 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்துக்குத் தோழிகளோடு சேர்ந்து பணம் கட்டிவிட்டேன். மொத்த ஏற்றம் 1,200 மீட்டராம், 8 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். மண்பாதையில் ஓடிப் பழக்கமே இல்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறேன். படி இறங்கும்போது முட்டி லேசாக வலிக்கும். 'முட்டி தேஞ்சு போயிடும்' என்று கணவர் தடுக்கிறார். 'காலையிலேயே ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது' என்கிறாள் தோழி. நான் போகலாமா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். ஆனால், தோழி சொன்ன அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க வேகத்தைப் பற்றிய கவலைதான் தெரிகிறது. எனக்கு உங்கள் வேகத்தைப் பற்றிக் கவலையில்லை, நேரத்தைப் பற்றித்தான் கவலை. முன்னால் ஓடுகிறவர்கள் முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட உட்காரும்போது நீங்கள் பாதி வழியில் இருப்பீர்கள். பாதை ஒன்றுதான், ஆனால் உங்களுக்கு அது வேறு பந்தயம். வெயில் ஏறியிருக்கும். தண்ணீர் வைத்த இடத்தில் கேன் காலியாகியிருக்கலாம். மதியத்துக்கு மேல் மூடுபனியோ மழையோ வரும். கால் ஓய்ந்த பிறகுதான் மோசமான இறக்கம் வந்து சேரும். பயிற்சிப் புத்தகங்கள் பலவும் வேகமாக ஓடுகிறவர்களுக்காக எழுதியவை. அவற்றைப் படித்துவிட்டுக் கிலோமீட்டரை எண்ணாதீர்கள்; மணி நேரத்தை எண்ணுங்கள்.

எத்தனை மணி நேரம் ஆகும்? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு 5 கூட்டல் 2, ஆக 7 மணி. இது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கான கணக்கு. சாப்பிட, சிறுநீர் கழிக்க, ஷூவில் புகுந்த கல்லைத் தட்ட உங்களுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். எனவே ஏற்றத்தில் நடங்கள், சமதளத்திலும் நல்ல மண் உள்ள சரிவிலும் மெதுவாக ஓடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் பரிசு வாங்குகிறவர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள். ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு அறுந்து அறுந்து பேசினால் வேகம் அதிகம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். உயர மலை நோய் வரும் உயரமல்ல. ஆனால் தாம்பரத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயிற்சிக்கு முன் சில பரிசோதனைகள். ரத்த அழுத்தம், ஈசிஜி, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க), சோடியம், தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு). உங்கள் வயதையும் ரத்த அழுத்தத்தையும் வைத்துப் பார்த்தால் டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், அல்லது வீட்டில் யாருக்காவது இளம் வயதில் திடீர் மரணம் என்று ஏதாவது இருந்தால், அது தெளிவாகும்வரை ஓட்டமே வேண்டாம்.

ஹீமோகுளோபினைக் குறிப்பாகக் கேட்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டும்போது மாதவிடாய் தாறுமாறாகி உதிரப்போக்கு அதிகமாவது சகஜம். 'எனக்கு வேகமே வராது டாக்டர், என் உடம்பு அப்படி' என்று பல வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் ஹீமோகுளோபின் 9 இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரும்புச்சத்து ஏறியதும் அதே பாதை சுலபமாகிவிடுகிறது. எண் 10க்குக் கீழே இருந்தால் இந்த டிசம்பரை விட்டுவிடுங்கள், மலை எங்கும் போகாது.

இனி அந்த வலி மாத்திரை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். மணிக்கணக்கில் ஓடும்போது ரத்தம் தசைக்குப் போகும். சிறுநீரகத்துக்கு வரத்து குறையும். அந்த நேரத்தில் சிறுநீரகம் தன் ரத்தக்குழாயைத் திறந்து வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருளை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. டெல்மிசார்டனோ இன்னொரு பக்கத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டி அழுத்தத்தைக் குறைக்கிறது. இரண்டோடு நீரிழப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. அல்ட்ரா மாரத்தான் ஓடியவர்களை வைத்து அமெரிக்க மருத்துவர்கள் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது ஐபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் இருந்தது. நீங்கள் ஓடப்போவது 25தான், உண்மை. ஆனால் எட்டு மணி நேரம், ரத்த அழுத்த மாத்திரையோடு. மாத்திரை போட்டால்தான் கிளம்ப முடியும் என்கிற வலி இருந்தால் அன்றைக்குக் கிளம்பாதீர்கள்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னால் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று சேர்ந்திருக்கிறதா? அது சிறுநீரைக் கூட்டும் மருந்து, சோடியத்தையும் குறைக்கும். பந்தயத்துக்கு வெகு முன்னாலேயே உங்கள் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, மருந்தை மாற்றலாமா, அன்று எந்த நேரத்தில் போட வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

சோடியத்தைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீரும் வருகிறது. 'நிறையத் தண்ணி குடிங்க' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. யாருக்கு என்று பார்த்தால், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், ஓட்டத்தில் எடை கூடியவர்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமே இருக்காது. மெதுவாகப் போகிறவர்தான் ஒவ்வொரு இடத்திலும் நின்று இரண்டு டம்ளர் குடிப்பார். தாகத்துக்குக் குடியுங்கள், கடமைக்குக் குடிக்காதீர்கள். நீண்ட பயிற்சி நாட்களில் கிளம்பும்முன்பும் வந்த பின்பும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் சரி, கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். மோதிரம் இறுகுவது, விரல் வீங்குவது, குமட்டல், தலைவலி, பேச்சு குழறுவது, இவையெல்லாம் வந்தால் 'நீர்ச்சத்து இல்லை' என்று மேலும் தண்ணீரை ஊற்றக் கூடாது. உடனே மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். குழப்பமும் வலிப்பும் வந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து.

பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உங்களுடையதாகவே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவன அளவில் தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொடியானால் ஒரு பாக்கெட்டை முழு லிட்டரில் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் அல்ல. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை: கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு. எதை எடுத்துப்போனாலும் பயிற்சியில் தின்று பார்த்ததாக இருக்க வேண்டும். புது எனர்ஜி ஜெல்லை அன்றைக்கு முதன்முதலாக வாயில் வைத்தால் அது வயிற்றைக் கலக்கும். ஒதுங்க இடம் இல்லாத தேயிலைத் தோட்டத்தில் அவஸ்தைதான்.

கணவரின் பயத்துக்கு வருவோம். ஆரோக்கியத்துக்காக ஓடுகிறவர்களுக்கு முட்டி தேய்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த அலசலில், இடுப்பு, முட்டித் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இருந்தது. இதைக் கணவரிடம் படித்துக் காட்டலாம். அவர் ஓடுகிறவர் இல்லை என்றால் இன்னும் நல்லது.

ஆனால், உங்கள் முட்டி இறக்கத்தில் வலிக்கிறது என்றால் தொடையின் முன்தசை போதவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். மலைப்பாதை லாரிக்கு பிரேக் எப்படியோ, இறக்கத்தில் உங்களுக்கு அந்தத் தசை அப்படி. நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் தசை இழைகள் கிழிகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாற்காலியில் உட்காரவே முடியாமல் போவது அதனால்தான். நல்ல செய்தி, தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை இறங்கி வலி வாங்கியவருக்கு அடுத்த சில வாரங்களில் அதே இறக்கம் அவ்வளவு வலிப்பதில்லை.

சென்னையில் மலைக்கு எங்கே போவது என்பீர்கள். பத்து மாடிக் குடியிருப்பு ஒன்று போதும். ஒருமுறை ஏறினால் சுமார் 30 மீட்டர். 1,200 மீட்டர் என்பது நாற்பது தடவை. வாரம் இரண்டு நாள், ஐந்து தடவையில் தொடங்கி மெல்லப் பதினைந்துக்குக் கொண்டுபோங்கள். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள் பலர், முட்டிக்கு நல்லது என்று. நீங்கள் படியிலேயே இறங்குங்கள், இறங்குவதுதான் உங்களுக்கு வேண்டிய பயிற்சி. கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும், ஒவ்வொரு படியிலும் முட்டி உள்பக்கம் சாயாமல், சத்தமில்லாமல் பாதத்தை வையுங்கள். 'தொம் தொம்' என்று கேட்டால் முட்டி அடி வாங்குகிறது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினாலோ மறுநாள் வீங்கினாலோ குறைத்துக்கொள்ளுங்கள், பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். இடையில் இரண்டு வார இறுதிகளுக்கு ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய், அனுமதி உள்ள மண்பாதையில் ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். ஓட வேண்டியதில்லை. பந்தயத்தில் ஊன்றுகோல் அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அந்த நடையிலேயே பழகுங்கள், இறக்கத்தில் முட்டியின் பாரத்தை அது குறைக்கும்.

கணுக்காலுக்குத் தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு (சுவர் பக்கத்தில்). வழியில் கால் பிசகினால் ஒரு சோதனை: நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால், அல்லது கணுக்கால் எலும்பு முண்டின் மேல் அழுத்தினால் உயிர்போகிற மாதிரி வலித்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை ஓட்டம் முடிந்தது. ஷூ அரை அளவு பெரியதாக இருக்கட்டும், நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும்.

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை உண்டு, டிசம்பரும் அதில் சேர்ந்ததே. நனைந்த பருத்திச் சட்டை, காற்று, ஓய்ந்த உடம்பு, மூன்றும் சேர்ந்தால் உடல்வெப்பம் மளமளவென்று இறங்கும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர் மழையும் குளிர்காற்றும் வந்து 21 பேர் இறந்தார்கள். நல்ல ஓட்டக்காரர்களும் அதில் உண்டு. பையில் மெல்லிய மழைக்கோட்டு கட்டாயம். நடுக்கம் நிற்காவிட்டால், வார்த்தை தடுமாறினால், ஓடிச் சூடாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மாற்று உடை, போர்வை, ஆள் துணை.

அட்டை கடித்தால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள், நெருப்பு வைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளை விட்டுச் செல்வதால் வெகுநேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் போதும். காட்டுமாடு தேயிலைத் தோட்டத்தில் நின்றால் நின்றுவிடுங்கள், அது போகட்டும். நேரம் போகிறதே என்று பக்கத்தில் புகுந்து ஓடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் குதிக்கும்போது சில சொட்டுச் சிறுநீர் கசிவது பிரசவமான பெண்கள் பலருக்கு உண்டு. வெளியே சொல்லாமல், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறார்கள். இடுப்புத்தளப் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்குவதுபோல் சுருக்கிப் பிடித்து விடுவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. உங்களிடம் அதற்குப் போதுமான அவகாசம் இருக்கிறது.

வழியில் எங்கே விலகுவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள். 'இத்தனையாவது கிலோமீட்டரை இத்தனை மணிக்குத் தாண்டவில்லை என்றால் நிறுத்துகிறேன்' என்று தோழியிடமும் சொல்லிவிடுங்கள். கெடுவுக்குப் பயந்து களைத்த காலோடு இறக்கத்தில் வேகம் கூட்டும்போதுதான் மெதுவாக ஓடுகிறவர்கள் விழுகிறார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் தொண்டர் ஒருவர் வர ஏற்பாடு உண்டா என்பதை இப்போதே விசாரியுங்கள். இல்லை என்றால் அந்தப் பந்தயத்துக்கு உங்களை நான் அனுப்ப மாட்டேன்.

முடித்த பிறகு சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, எட்டு மணி நேரமாகியும் வராவிட்டாலோ அன்றே மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே 'மலையில் புதருக்குள் ஓடினேன்' என்று இருக்கட்டும். புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் தமிழகத்தில் நிறைய உண்டு. சாதாரண வைரஸ் காய்ச்சல்போலத்தான் தொடங்கும். சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்புப் பட்டை, தொடை இடுக்கு என்று எங்காவது வலியில்லாமல் ஒளிந்திருக்கும். கண்ணாடி வைத்துத் தேடுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளினில் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.