பாஸ்கெட்பால் கோப்பை ஜெயித்த மகளும் பி.காம். மூன்றாம் ஆண்டும்

கோத்தகிரியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பெருமை, கடைசி நாலு வரி மட்டும் பயம். கல்லூரிகளுக்கு இடையேயான பாஸ்கெட்பால் போட்டியில் மகளின் அணி இந்த ஆண்டு சாம்பியன். முதல் ஆட்டத்திலேயே தோற்று, அப்புறம் ஒன்றைக்கூட விடாமல் ஜெயித்து, இறுதியாட்டத்தில் கோவைக் கல்லூரி ஒன்றை அவர்கள் ஊரிலேயே மூன்று புள்ளியில் முந்தியிருக்கிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், மலையிறங்கிப் போய் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நிஜமாகவே அப்படி நினைப்பவர் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகமாட்டார். அதனால் அந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பி.காம். முடிந்ததும் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டத்தில் மட்டும் கவனம் செலுத்தினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிவிடலாம் என்கிறாள் மகள். ஆறாவது செமஸ்டரோடு பந்தை மூலையில் போட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படி என்கிறீர்கள் நீங்கள். இரண்டுக்கும் நான் சம்மதிக்கமாட்டேன். அதிலும் மகளின் யோசனைதான் அதிக ஆபத்து, அவள் ஆசைப்படும் அந்த வேலைக்கே ஆபத்து.

ஏன் என்று சொல்கிறேன். கல்லூரிகளுக்கு இடையே ஜெயித்த கோப்பை என்பது படிக்கட்டில் முதல் படி. அதற்கு மேலே பல்கலைக்கழக அணி இருக்கிறது. நீலகிரியின் கலை அறிவியல் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கோவை, திருப்பூர், ஈரோடு என்று எல்லாப் பக்கமிருந்தும் வரும் பெண்களில் 12 பேரை மட்டும் எடுத்து அணி அமைப்பார்கள். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முன்னணி இடம் பிடித்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. மத்திய அரசுத் துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதியில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உள்ள வாசல், பல்கலைக்கழகத்தின் சார்பில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடியிருக்க வேண்டும் என்பதுதான். அதற்கான சான்றிதழுக்குப் படிவம் 3 என்று பெயர். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போடுவார். உங்கள் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சாம்பியன் சான்றிதழ், எவ்வளவு அழகாக பிரேம் போட்டிருந்தாலும், அந்த இடத்துக்கு ஆகாது.

நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பவர், உங்களுக்கு இது சட்டென்று விளங்கும். எத்தனை கிலோ பச்சை இலை வந்தது என்பது ஒரு கணக்கு, அதிலிருந்து என்ன தரத்தில் தூள் இறங்கியது என்பது வேறு கணக்கு. குன்னூர் ஏலத்தில் விலை இரண்டாவதற்குத்தான்.

இப்போது மகளின் ஒரு வருடத் திட்டத்துக்கு வாருங்கள். பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டுமானால் முழுநேர மாணவியாக இருக்க வேண்டும். படிப்பை நிறுத்தினால் அந்த வாசல் அன்றைக்கே சாத்திக்கொள்ளும். மிச்சம் இருப்பது மாநில அணியில் இடம் பிடித்து தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஆடுவது மட்டும். தமிழ்நாட்டு மகளிர் அணியில் இடம் என்றால் பெரிய கிளப்புகளில் தினமும் இரண்டு வேளை பயிற்சி எடுப்பவர்களோடு மோத வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. கோத்தகிரியில் சிமென்ட் தரையில், ஐப்பசி கார்த்திகை மழை விட்ட நாளில் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஒரே வருடத்தில் அது நடக்கும் என்று நம்புவது நியாயமில்லை என்கிறேன்.

ஆக, படித்துக்கொண்டே ஆட வேண்டும். எம்.காம்., எம்.பி.ஏ., எதுவானாலும் நல்ல மகளிர் அணி உள்ள கல்லூரியில் சேர்த்தால் இன்னும் இரண்டு வருடம் பல்கலைக்கழக அணிக்கு முயற்சி செய்யலாம். கோவையிலும் சென்னையிலும் சில கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில இடங்களில் விடுதியும் இலவசம். சாம்பியன் அணியில் முக்கியமான பெண் என்ற பேச்சு மைதானத்தில் பரவியிருக்கும் இப்போதே கேட்பதுதான் நல்லது.

கேட்கும்போது வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிச் சாப்பாடும் சேர்த்தா, தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, பெற்றோர் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை: நடுவில் முழங்காலில் அடிபட்டு ஒரு சீசன் ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா? திடீரென நின்று திரும்பும் ஆட்டம் இது. முழங்காலின் முன்தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் நடக்கிறது. அறுவை சிகிச்சை செய்தால் திரும்பிவர ஒரு வருடம்கூட ஆகலாம். பதிலைக் கல்லூரியின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

வேலைகளைப் பற்றி. ரயில்வேதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். காரணம் இருக்கிறது. இந்திய மகளிர் அணிக்குத் தலைவியாக இருந்த அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் வேலை பார்த்தவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். அணிக்கும் பெயர் உண்டு. ஆனால் ரயில்வேயின் கணக்கு கறாரானது. வயது 18 முதல் 25, இதில் யாருக்கும் தளர்வு இல்லை. நூறு மதிப்பெண்ணில் 40 ஆட்டத் திறன் சோதனைக்கு, 50 விளையாட்டுச் சாதனைக்கு, 10 படிப்புக்கு. சாதனை என்று அவர்கள் எடுத்துக்கொள்வது நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் உள்ளதை மட்டும். அதாவது பழைய சான்றிதழ் காலாவதியாகிவிடும். எந்த மட்டப் போட்டி, எத்தனையாவது இடம் வரை செல்லும் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் பதவிவாரியாக அச்சாகியிருக்கும். அதை நீங்களே ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள், மகளுக்கு அவள் தோழிகள் சொன்னதை நம்ப வேண்டாம்.

உங்கள் மகளுக்கு எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது வருமான வரித் துறை, கணக்காயர் அலுவலகம் போன்ற மத்திய அரசு அலுவலகங்கள். நேரடி நியமனத்தில் 5 சதவீதம் வரை விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கலாம் என்ற விதி அங்கே இருக்கிறது. வயதுவரம்பிலும் 5 ஆண்டு வரை தளர்வு உண்டு. வருமான வரித் துறையின் டாக்ஸ் அசிஸ்டென்ட் பதவிக்குப் பட்டப்படிப்பு வேண்டும், கூடவே கணினியில் மணிக்கு 8,000 விசை அழுத்தும் வேகமும் வேண்டும். பி.காம். கையில் இல்லாவிட்டால் அதே அலுவலகத்தில் பத்தாம் வகுப்புத் தகுதியில் எம்.டி.எஸ். என்ற கடைநிலைப் பணிக்குத்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்க முடியும். பட்டம் எதற்கு என்று மகள் கேட்டால் இந்த இரண்டு பதவிகளின் சம்பளத்தை எடுத்துக் காட்டுங்கள், நான் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்காமல் போனாலும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் உதவும்.

காவல் துறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் விளையாட்டுக்காரர்களுக்கு 10 சதவீதம் உண்டு, உண்மைதான். ஆனால் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. வேண்டும். மகள் 157 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இத்தோடு விட்டுவிடலாம். மாநில அரசுப் பணியில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அது இன்றைய நிலையில் அவளுக்கு எட்டாத உயரம், தேசியப் போட்டியில் பதக்கம் என்று வந்தால் பேசுவோம்.

உயரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 157 செ.மீ. உயரத்தில் சாம்பியன் அணிக்கு பாயின்ட் கார்டாக ஆடியிருக்கிறாள் என்றால், பந்தைக் கொண்டுபோய் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுத்தவள் அவள். இறுதியாட்டத்தில் நிறையப் புள்ளி போட்ட உயரமான பெண்ணின் படம்தான் செய்தித்தாளில் வந்தது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தேர்வாளர்கள் செய்தித்தாளைப் பார்த்து எடுப்பதில்லை. முழு ஆட்டத்தின் வீடியோ யாரிடமாவது இருந்தால் வாங்கி வையுங்கள், ஸ்கோர் ஷீட்டின் நகலையும் உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். கீழே இறங்கி ஆடினால் மூன்றாவது குவார்ட்டரிலேயே மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். மலைப் பிள்ளைகளுக்கு நுரையீரல் இரும்பு என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் குளிரில் பழகிய உடம்புக்குக் கோவை வெயில் தனிச் சோதனை. தேர்வு முகாம் என்றால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவையுங்கள்.

இந்தக் கோப்பை இன்றைக்கே செல்லுபடியாகும் இடமும் ஒன்று இருக்கிறது, மகள் அதை மதிக்கவில்லை என்று நினைக்கிறேன். பி.பி.எட்., அதாவது உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான இரண்டு வருடப் படிப்பு. பட்டத்தில் 50 சதவீதம், கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் கலந்துகொண்ட சான்று, இவ்வளவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷனின் மாருதி கல்லூரி, சென்னை நந்தனத்தில் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, இரண்டும் பழைய பெயர்கள். எந்தக் கல்லூரியானாலும் பெண்களுக்கு இடமும் விடுதியும் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே எம்.பி.எட். முதுகலையில் 55 சதவீதம், நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி என்று போனால் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் வரை வழி இருக்கிறது. நம் மலையில் ஊட்டி, லவ்டேல், குன்னூர், கோத்தகிரி என்று திரும்பிய பக்கமெல்லாம் உறைவிடப் பள்ளி, பெண்கள் விடுதியோடு. பெண் பயிற்சியாளர் கிடைப்பதில்லை என்று பள்ளிக்காரர்கள் என்னிடமே கேட்கிறார்கள். "பி.டி. டீச்சரா" என்று மகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், இருபது வயதில் எல்லோரும் சுளிப்பார்கள். வற்புறுத்த வேண்டாம். பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ என்றால் ஒருவேளை காது கொடுப்பாள்.

தொழில்முறை லீக் பற்றி அவள் பேசினால், நம் நாட்டில் பாஸ்கெட்பாலுக்கு அது இன்னும் வேர்விடவில்லை, அதை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். அணி ஜெயித்த செய்தி வெளியே போனதும் யாராவது உங்களுக்கு போன் செய்வார்கள், ஒருவேளை ஏற்கெனவே செய்திருப்பார்கள். "நேஷனல்ஸ் ஆட வைக்கிறோம், சர்டிபிகேட் கிடைக்கும், இவ்வளவு ரூபாய்" என்று. பெயரில் இந்தியா, தேசியம் எல்லாம் இருக்கும், லெட்டர்பேடும் பளபளப்பாக இருக்கும். விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் இல்லாத கூட்டமைப்பு நடத்தும் போட்டி, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பூஜ்யம். பணம் போவதோடு முடியாது. ஆடாத போட்டிக்குச் சான்றிதழ் வாங்கி வேலைக்குச் சேர்ந்தால், சரிபார்ப்பில் அகப்படும் நாளில் வேலையும் போய் வழக்கும் வரும். மகளின் பயிற்சியாளரைக் கேட்காமல் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பயிற்சியாளரே அப்படிச் சொன்னால் எனக்குப் போன் செய்யுங்கள்.

வெளியூர்ப் பயணம் குறித்து அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் பயம் அநாவசியம் என்று நான் சொல்லமாட்டேன். அணியோடு போகும் பெண் பொறுப்பாசிரியர் யார், தங்குமிடம் எது, என்று முன்கூட்டியே கல்லூரியிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

வங்கித் தேர்வையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆறாவது செமஸ்டர் முடியும் வரை அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளட்டும், தினம் ஒரு மணி நேரம் கணக்கும் ரீசனிங்கும் போதும். முதுகலை இரண்டு வருடம் முடியும்போது அவளுக்கு வயது 22, ரயில்வே வயதுவரம்புக்கு அப்போதும் இடைவெளி இருக்கும். அதற்குள் பல்கலைக்கழக அணியில் ஒருமுறைகூட இடம் கிடைக்கவில்லை என்றால், ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மறந்துவிட்டு தேர்வு வழியில் முழுதாக இறங்குவது என்று இப்போதே அவளோடு பேசி ஒத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் திடீரென்று சொன்னால் சண்டையாகும்.

உடனடியாக உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. பல்கலைக்கழகத் தேர்வு முகாமுக்கு அவள் பெயர் போயிருக்கிறதா என்று கல்லூரியில் விசாரியுங்கள், உங்கள் கடிதத்தில் அது இல்லை. அப்புறம் விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே மாறியிருந்தால் கொடுத்தவர்கள் பதவியில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம். எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு குன்னூருக்கு வாருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள், காலையில் பயிற்சி இருந்தால் முடித்துவிட்டே வரட்டும்.