டீசல் பம்ப் ஓடவில்லை, பில்டரும் வரமாட்டார்: தீயணைப்புச் சாதனங்களைச் சரிசெய்யும் செலவு யாருடையது?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் 14 மாடி, 112 வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டம். முதல் வீட்டின் சாவி கொடுத்து மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. சங்கம் பொறுப்பேற்று எட்டு மாதம்தான். சென்ற மாதம் சோதித்தபோது டீசல் பம்ப் ஸ்டார்ட் ஆகவில்லை. குழாயில் அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறிய பம்பான ஜாக்கி பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடி நிற்கிறது. அலாரம் ஹூட்டர்களின் (ஒலிப்பான்களின்) ஒயரை யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரோ மாதாமாதம் 'எல்லாம் சரி' என்று கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது' என்கிறார் பில்டர். சிறப்பு வசூலுக்குப் பாதிப் பேர் மறுக்கிறார்கள். தீயணைப்பு உரிமம் இன்னும் காலாவதியாகவில்லை. ஏதாவது நடந்தால் நான் சிறைக்குப் போக வேண்டுமா?

பதில்: வாரண்டிப் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி கட்டமைப்பு, வேலைத்தரம், பொருளின் தரம், சேவை ஏற்பாடு ஆகியவற்றில் உள்ள குறையை, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் எடுத்துச் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் இந்த உரிமை குறையாது. முரண்படும் இடத்தில் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று பிரிவு 89 சொல்கிறது. சங்கத்திடம் ஒப்படைக்கும்வரை அத்தியாவசியச் சேவைகளைப் பராமரிக்க வேண்டியதும் பில்டர்தான், பிரிவு 11(4)(ஈ).

ஆனால் பில்டரின் வக்கீல் ஒரே ஒரு வாதத்தோடு வருவார்: 'நாங்கள் நல்ல நிலையில் கொடுத்தோம், சங்கம் பராமரிக்காமல் கெடுத்துவிட்டது.' கட்டும்போதே இருந்த குறையா, பராமரிக்காததால் வந்த பழுதா என்பதில்தான் வழக்கு நிற்கும். அதைத் தீர்மானிப்பது சோதனைப் பதிவு. எனவே பழுது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடினால் குழாயில் அழுத்தம் குறைகிறது என்று பொருள். பம்ப் அறையில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்து தண்ணீர் தொட்டிக்கே திரும்பலாம். மண்ணுக்கடியில் குழாய் அரித்திருக்கலாம். மாடியில் ஏதோ ஹைட்ரன்ட் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்முனை) வால்வு லேசாகத் திறந்திருக்கலாம். கண்டுபிடிக்கும் முறை எளிது. பம்புகளை மேனுவலில் வைத்து, பம்ப் அறையின் டெலிவரி வால்வை மூடுங்கள். அதற்கு அப்பால் உள்ள அழுத்தமானியின் (கேஜ்) முள் இறங்காமல் நின்றால் கசிவு பம்ப் பக்கம், அதாவது நான்-ரிட்டர்ன் வால்வு. முள் தொடர்ந்து இறங்கினால் பிளாக் வாரியாக வால்வுகளை மூடி, எந்தப் பகுதியை அடைத்ததும் இறக்கம் நிற்கிறது என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் எல்லா வால்வையும் திறந்து, திறந்ததை எழுதியும் வையுங்கள். மூடியபடி மறந்துபோன வால்வைவிட மோசமான பழுது இந்தத் துறையில் இல்லை. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அந்தப் பிளாக்குக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. மண்ணுக்கடிக் குழாய் என்று தெரிந்தால் தோண்டும்போதே படம் எடுங்கள். அரிப்புத் தடுப்புப் பூச்சும் சுற்றுநாடாவும் இல்லாமல் வெறும் இரும்புக் குழாயைப் புதைத்திருந்தால் அது சந்தேகமில்லாமல் வேலைத்தரக் குறை. பில்டர் தலையில் விழும். நான்-ரிட்டர்ன் வால்வின் ரப்பர் தேய்மானமோ சங்கத்தின் பாடு.

டீசல் பம்ப் பெரும்பாலும் பேட்டரியால்தான் மாட்டிக்கொள்ளும். சார்ஜர் சுவிட்ச் அணைந்திருக்கும், அல்லது பேட்டரி ஆயுள் முடிந்திருக்கும், அல்லது செலக்டர் 'ஆட்டோ'வில் இல்லாமல் 'மேனுவல்' அல்லது 'ஆஃப்'பில் கிடக்கும். இவை சங்கத்தின் கணக்கு. ஆனால் பம்பைக் கிளப்பும் கன்ட்ரோலருக்கு, அழுத்தம் குறைவதை உணரும் பிரஷர் சுவிட்சிலிருந்து ஒயரே இழுக்கப்படவில்லை என்றாலோ, மின்சாரப் பிரதான பம்ப் தனி ஃபீடரில் (தனி மின்வழியில்) இல்லாமல் கட்டடத்தின் மெயின் சுவிட்சோடு சேர்ந்திருந்தாலோ கதை வேறு. தீ என்றதும் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். அந்த இணைப்பில் பம்பும் சேர்ந்து செத்துப்போகும். அது வடிவமைப்புக் குறை, பில்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

ஹூட்டர் ஒயரைக் கழற்றியது யார் என்று தெரியாதவரை பில்டர்மீது சுமத்த முடியாது. சமையலறை வாசலில் புகை டிடெக்டர் வைத்து, தாளிக்கும்போதெல்லாம் அலறி, பொறுக்க முடியாமல் ஒருவர் கழற்றியிருப்பார். இது ஊரெல்லாம் நடக்கிறது. அந்த இடத்துக்கு வெப்ப டிடெக்டர் போட்டாலே சிக்கல் தீரும். இடத்தேர்வு தவறு என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் அந்த மாற்றத்தையும் பில்டரிடம் கேட்கலாம்.

இனி செய்ய வேண்டியது. பில்டருக்கும் பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கும் ஏழு நாள் அவகாசம் கொடுத்து, கூட்டுச் சோதனைக்கு ஒப்புகையோடு கூடிய தபாலிலும் மின்னஞ்சலிலும் அழைப்பு அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும், இரு தரப்புக்கும் தொடர்பில்லாத தீப்பாதுகாப்புப் பொறியாளரை வைத்துச் சோதியுங்கள். மொட்டைமாடி ஹைட்ரன்டைத் திறந்து தண்ணீர் பாயும்போதே அழுத்தம் பார்க்க வேண்டும். வால்வை மூடிவைத்து எடுக்கும் அளவு பம்பின் திறனைக் காட்டாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கடைக்கோடி ஹைட்ரன்டில் 3.5 பார் கேட்கிறது. அழுத்தம் குறையும்போது முதலில் ஜாக்கி, பிறகு பிரதான பம்ப், அதற்கும் பிறகு டீசல் என்ற வரிசையில் தானாகக் கிளம்ப வேண்டும். பிரதான பம்ப் தானாக நிற்கக் கூடாது, கையால்தான் நிறுத்த வேண்டும். தானாக நின்றால் அதையும் குறையாக எழுதுங்கள். தீயின்போது தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாயின் கடைசியில் உள்ள சோதனை வால்வைத் திறந்தால் அலாரம் பேனலில் அந்தத் தளத்தின் சிக்னல் வர வேண்டும். பெயின்டர்கள் ஸ்பிரிங்க்ளர் பல்பின்மேல் வண்ணம் அடித்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ஹெட்டையே மாற்ற வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்தால், பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63(4)-இன்படியான சான்றிதழையும் அப்போதே தயார் செய்யுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் போனைத் தேட முடியாது.

அறிக்கை வந்ததும் பிரிவு 14(3)-இன் கீழ் 30 நாள் அறிவிப்பு. அந்தப் பிரிவு வீடு வாங்கியவர் குறையைச் சொல்வதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எனவே சங்க லெட்டர்பேடு மட்டும் போதாது, முதல் விற்பனையில் வாங்கிய சிலரும் கையெழுத்திடட்டும். 30 நாள் கடந்தால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் பிரிவு 31-இன் கீழ் மனு. வாங்கியவர்களின் சங்கமும் அங்கே மனு செய்யலாம். நுகர்வோர் ஆணையம் வேண்டாம் என்பது என் கருத்து. சட்டப்படி அமைந்த குடியிருப்புச் சங்கம் 'தன்னார்வ நுகர்வோர் சங்கம்' ஆகாது என்று ஷோபா ஹிபிஸ்கஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. முதல் நாளே ஆட்சேபம் கிளம்பும்.

அதுவரை தீ காத்திருக்காது. பேட்டரியையும் ஹூட்டர் ஒயரையும் இன்றே சரிசெய்யுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து, கழற்றிய பாகத்தைத் தேதிச் சீட்டோடு பூட்டிவையுங்கள். பில்டரின் பொறுப்பு என்று அறிக்கையில் தெரிந்தால், செலவை அவரிடம் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பணத்தை நிறுத்துங்கள். புதிய ஒப்பந்தத்தில் 'சோதித்தோம்' என்ற சொல்லே வேண்டாம். பம்ப் கிளம்பிய அழுத்தம், நின்ற அழுத்தம், பேட்டரி வோல்டேஜ், டீசல் அளவு, ஓடிய நிமிடம் என்று எண்களாக எழுதினால்தான் பில் பாஸாகும் என்று போடுங்கள்.

வசூலுக்கு: பொதுவிடங்களின் பராமரிப்புச் செலவில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் பங்குண்டு. பொதுக்குழுவைக் கூட்டி, பொறியாளர் அறிக்கையை வாசித்து, துணைவிதியில் உள்ள கணக்குப்படி பங்கைத் தீர்மானித்து, தராதவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் வசூலியுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் காவல் நிலையத்தில் நீங்கள் பதில் சொல்லும்படி ஆகும்.

கடைசிக் கேள்வி. பதவியில் இருப்பதற்காகவே யாரையும் தண்டிக்க முடியாது. ஆபத்து தெரிந்தும், தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும், சும்மா இருந்ததால்தான் உயிர் போனது என்று அரசுத் தரப்பு நிரூபித்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 106(1)-இல் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் இது இரண்டு ஆண்டுதான். உரிமம் இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த வழக்கில், அதிகாரிகள் அனுமதி தந்திருந்தார்கள் என்ற வாதம் உரிமையாளர்களைக் காப்பாற்றவில்லை. உங்களுக்கு இப்போது பழுது தெரிந்துவிட்டது. இந்தக் கேள்விக் கடிதமே அதற்குச் சாட்சி. பொதுக்குழு பணம் தர மறுத்தால், நீங்கள் எச்சரித்ததையும் அவர்கள் மறுத்ததையும் பெயரோடு நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றி, பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலருக்கும் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

காலக்கெடுவை முதல் வீட்டின் சாவி கொடுத்த நாளிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பத்திரம். உங்களுக்கு மீதி ஒரு வருடம் நான்கு மாதம். அதற்குள் அறிவிப்பு பில்டர் கையில் சேர்ந்திருக்க வேண்டும்.