மல்லிகை படத்தில் சாம்பல் பூப்பது ஏன்?

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே மாலையும் மணப்பெண்ணுக்குப் பூ ஜடையும் கட்டிக் கொடுக்கிறேன். செல்போனில் நான் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. ஆனால் மல்லிகைச் சரம் சில படங்களில் அழுக்கு வெள்ளையாகவும் சிலவற்றில் நீலம் பாய்ந்தும் தெரிகிறது. ஜடைப் படங்களில் பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா, அல்லது எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: கேமரா வாங்கும் பணத்தை இப்போதைக்கு முடிந்து வையுங்கள். விலை கூடிய கேமராவும் மல்லிகையிடம் இதே போலத்தான் ஏமாறும்.

எந்தக் கேமராவிலும் ஒளியை அளக்க ஒரு மீட்டர் உண்டு. தன் முன்னால் இருப்பது சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் 18 சதவீத அளவுக்குத் திருப்பி அனுப்பும் பொருள் என்ற கணக்கில்தான் அது காலங்காலமாக வேலை செய்கிறது. மல்லிகை இதைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். உதிரிப்பூவைத் தாம்பாளத்தில் குவித்து, படம் முழுக்கப் பூவே நிறையும்படி எடுத்தால், வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டதாக எண்ணி மீட்டர் அதைக் குறைத்துவிடும். பூவும் சாம்பல் பூத்துவிடும். காட்சியை அடையாளம் கண்டு திருத்திக்கொள்ளும் புதிய போன்கள் இருக்கின்றன. ஆனாலும் அவற்றை நம்பி முகூர்த்த ஆர்டரை ஒப்படைக்க மாட்டேன்.

ஜடையில் நடப்பது இதற்கு நேர் எதிர். படத்தில் பெரும்பங்கு கருங்கூந்தல். மீட்டர் அந்தக் கருமையைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். கூந்தல் பளிச்சென்று தெரியும், அதன்மேல் இருக்கிற மல்லிகை இதழ் இதழாகத் தெரியாமல் வெளுத்துப்போகும். ஒரே பூ, ஒரே வெளிச்சம், ஆனால் திருத்தம் மட்டும் எதிரெதிர்த் திசையில். தாம்பாளப் பூவுக்கு வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், கூந்தல் பூவுக்குக் குறைக்க வேண்டும். கரும்பச்சை வாழையிலைமேல் வைத்த ஒற்றைச் சரமும் கூந்தல் கணக்கில்தான் சேரும்.

போனில் இதைச் செய்வது எளிது. திரையில் பூவின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் ஒளியும் அங்கே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சூரியன் போன்ற சின்னம் வரும். அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். தனிக் கேமரா என்றால் பூக்குவியலுக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு) கூட்டிப் பாருங்கள். தடுமாற்றம் வந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துவிடுங்கள். சாம்பல் பூத்த பூவை எடிட்டிங்கில் தேற்றிவிடலாம். முற்றாக வெளுத்த இடத்தில் இதழின் மடிப்பு பதிவாகியே இருக்காது. எந்தச் செயலியும் அதை உள்ளபடி மீட்டுத் தராது.

இனி நீலம். திறந்தவெளி நிழலில் விழுவது நீல வானத்திலிருந்து வரும் ஒளி. நம் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், கேமரா பல நேரம் சமாளிப்பதில்லை. போதாததற்கு நம் ஊர்ச் சந்தைகளில் தலைக்குமேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் வழியே வடியும் வெளிச்சத்தில் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் சொட்டு நீலம் போட்டதாகத்தான் தெரியும். உங்கள் வாசலில் தார்ப்பாயோ பச்சை வலையோ கட்டியிருந்தால், படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டுமாவது அதன் அடியிலிருந்து வெளியே வாருங்கள். வீட்டுக்குள் என்றால் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். ஒரு பக்கம் பகல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்று கலந்துவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடும்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி எடுக்காதீர்கள். வெளிச்சம் பூவுக்குப் பக்கவாட்டிலிருந்து வரட்டும். மொட்டுக்கு ஒரு புறம் வெளிச்சமும் மறுபுறம் மெல்லிய நிழலும் விழுந்தால்தான் உருட்சி தெரியும், நெருக்கிக் கட்டியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். நிழல் கறுத்தால் எதிர்ப்புறம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். போனைப் பூவுக்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்மொட்டு பருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும் தெரியும். சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். மல்லிகை சாயங்காலம் மலர்கிற பூ. மொட்டாகக் காட்ட வேண்டுமானால் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து விலை ஏறிக் கிடக்கும்போது மறுநாள் பூ வாங்கி மறுபடி எடுப்பது கட்டுப்படியாகாது.

எடிட்டிங்குக்கு ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலி போதும். முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தால் ஏறிய நிறச் சாயலை நீக்குவது. அதில் உள்ள துளிக்குழாயை (நிறத்தைத் தொட்டுக் காட்டும் ஐட்ராப்பர் சின்னம்) எடுத்துச் சாயம் இல்லாத சாம்பல் பரப்பில் வையுங்கள். எனவே படம் எடுக்கும்போதே பூவுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது. வெள்ளை அச்சுத்தாளை நம்பாதீர்கள். அதில் வெண்மையைக் கூட்டச் சேர்க்கும் ரசாயனம் லேசாக நீலம் காட்டும், அதை அளவுகோலாக்கினால் பூ மஞ்சளாகும். பூவின்மேலேயே துளிக்குழாயை வைப்பதும் தவறு. மல்லிகையின் காம்போரம் இளம்பச்சை, பிச்சி மொட்டில் இளஞ்சிவப்புச் சாயல். அவை போய்விட்டால் பிளாஸ்டிக் பூவாகத் தோன்றும்.

அடுத்ததாக வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஆனால் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே. மேடு வலது ஓரத்தை நெருங்கலாம், சுவரில் முட்டக் கூடாது. 0 (முழுக் கறுப்பு) முதல் 255 (முழு வெள்ளை) வரையான அளவில் இதழ்கள் 240ஐ ஒட்டி நின்றால் வெள்ளையாகவும் இருக்கும், மடிப்பும் தெரியும். தெளித்த நீர்த்துளியின் மினுக்கு மட்டும் 255ஐத் தொட்டால் பாதகமில்லை.

கதம்பத்தில் கனகாம்பரம்தான் வம்பு. அதன் சிவப்பு, மல்லிகைக்கு முன்பே எல்லை தாண்டிவிடும். செலக்டிவ் கருவியால் அந்த இடத்தில் மட்டும் நிறச் செறிவைக் குறையுங்கள். படம் முழுவதற்கும் நிறத்தை ஏற்றினால் மரிக்கொழுந்து பெயின்ட் பூசிய பச்சையாகிவிடும். பழுத்த பூவை வெள்ளையாக்கி அனுப்பவும் வேண்டாம். மண்டபத்தில் பூவைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தார்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, மொட்டுகளின் விளிம்பு மசங்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள். இன்னொன்று: கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி பல போன்களில் தானாக இயங்கும். வேலையெல்லாம் முடித்து ராத்திரியில் எடிட் செய்பவர் என்றால், அந்த மஞ்சளை ஈடுகட்ட நீங்களே நீலத்தைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். அதை அணைத்துவிட்டுப் பழைய படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள்.