வாய் ஓயாமல் பேசும் பேரனுக்குக் காதுப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 6 வயது. வில்லியம்ஸ் நோய்க்குறி என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. மூன்று வயது வரை பேச்சே வரவில்லை. இப்போது தெருவில் போகிறவர்கள் ஒருவரையும் விடாமல், "எங்க போறீய, சாப்ட்டீயளா?" என்று விசாரிக்கிறான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். போன கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுச் சத்தத்துக்கு அழுத அழுகையைச் சொல்லி முடியாது. இத்தனை கூர்மையான காதுக்குப் பரிசோதனையும், இவ்வளவு பேசுகிறவனுக்குப் பேச்சுப் பயிற்சியும் தேவையா?
— ஓர் ஆச்சி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டுமே தேவை, ஆச்சி. ஏழாவது குரோமோசோமில் 25-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடங்கிய ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போவதால் இந்த நிலை உண்டாகிறது. இதை 1961-இல் நியூசிலாந்து மருத்துவர் வில்லியம்ஸ் விவரித்தார். பெரும்பாலும் இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் வேளையில் தற்செயலாக நேர்வது. உங்கள் மகள் உண்டதாலோ செய்ததாலோ வந்ததன்று. உறவில் யாராவது அவளைக் குறை சொன்னால், நீங்கள்தான் முதலில் மறுத்துப் பேச வேண்டும்.

சத்தம் தாங்காமை வேறு, கேட்கும் திறன் வேறு. இந்நோய்க்குறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, நமக்குச் சாதாரணமாகப் படும் ஓசைகூட வேதனை தரும். அதே காதில், பள்ளிப் பருவத்திலிருந்தே உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் மெல்ல மங்கத் தொடங்குவதும் உண்டு. அப்படி மங்கும்போது 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் நழுவிப்போகுமே தவிர, குக்கர் விசில் அவனை அப்போதும் உலுக்கும் என்பதால், வீட்டில் இருப்பவர்களுக்குக் குறை தெரியவே தெரியாது. நடுக்காதுத் தொற்றும் இவர்களுக்கு அடிக்கடி வருகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை கேட்டல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பரிசோதனைக்காகத் தூக்க மருந்து தரலாம் என்று யாராவது சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். விடுபட்ட மரபணுக்களில் ஒன்று இரத்தக் குழாய்களுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதத்துக்கு உரியது. அது குறைவதால் இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் குறுகியிருக்கக்கூடும் என்பதால், மயக்க மருந்து இவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்தானது.

இனிப் பேச்சு. சரளமான பேச்சைக் கேட்டு, எல்லாம் புரிந்துதான் பேசுகிறான் என்று நாம் நம்பிவிடுகிறோம். என் அனுபவத்தில், இப்பிள்ளைகளின் பயிற்சி பாதியில் நிற்பதற்கு இந்த நம்பிக்கையே முதற்காரணம். பொருள்களின் பெயர்கள் எளிதாக வரும். இடத்தையும் உறவையும் குறிக்கும் சொற்களோ தடுமாறும். ஒரு சொம்பையும் தம்ளரையும் அவன் முன்னே வைத்து, கையால் சுட்டாமல், "சொம்புக்குப் பின்னால தம்ளரை வை" என்று சொல்லிப் பாருங்கள். தம்ளரைச் சொம்புக்குள்ளேயோ முன்னாலோ வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தானானால், பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். "சாப்ட்டீயளா" என்று கேட்கிறவன் பதிலுக்குக் காத்திருக்கிறானா, அந்தப் பதிலை ஒட்டி அடுத்ததைப் பேசுகிறானா என்பதையும் கவனியுங்கள். உரையாடலில் முறை வைத்துப் பேசுவதைப் பழக்க வேண்டியிருக்கிறது. அறிமுகமில்லாதவர் அழைத்தால் உடன் போகக் கூடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள்.

மிக்ஸியைப் போடுமுன் "இப்ப போடப்போறேன்" என்று சொல்லுங்கள். சுவிட்சை அவனையே போடவும் நிறுத்தவும் விடுங்கள். தன் கைக்குள் இருக்கும் சத்தம் அவ்வளவாக மிரட்டாது. காது மூடியை வேட்டு, மேளம் போன்ற நேரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மாட்டினால் கூச்சம் இன்னும் கூடும். இவர்களில் பலருக்கு இசை மீது தனிப் பிரியம் உண்டு. அடுத்த கொடைக்கு வேட்டு ஓய்ந்த பிறகு அழைத்துப் போய், ஒலிபெருக்கிக்கு எட்டத்தில் உட்கார வைத்து, வில்லுப்பாட்டு தொடங்கியதும் காது மூடியைக் கழற்றிவிடுங்கள்.