கிண்ணியாப் பாலத்தடியில் ஜியோகேச் பெட்டி வைக்கலாமா?

கிண்ணியாப் பாலத்தின் கீழே ஜியோகேச் பெட்டியொன்றை (ஜிபிஎஸ் உதவியுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே உள்ள புத்தகத்தில் கையொப்பமிடும் விளையாட்டுக்கான பெட்டி) மறைத்து வைத்தால் திருகோணமலைக்கு வரும் பயணிகள் அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பாலத்தை விளையாட்டில் தாராளமாகச் சேருங்கள். பெட்டியை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே பிழைபடுத்தி வந்ததை அமெரிக்கா நிறுத்தியதும், 2000 மே 3 அன்று டேவ் அல்மர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்ததில் இருந்து பிறந்தது இந்த விளையாட்டு. அங்கே காட்டோரம் கிடக்கும் வாளி யாரையும் கலவரப்படுத்தாது. போரைக் கண்ட எங்கள் ஊரில், அதுவும் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள இந்தக் கடலோரத்தில், பாலத்தூணடியில் கேட்பாரற்ற பொதியொன்றைக் காண்பவர் பொலிசுக்குத்தான் அறிவிப்பார்; அதுதான் சரியும்கூட. தவிர, கொங்கிறீற்றுத் தளம் வானத்தை மறைப்பதால் பாலத்தின் கீழே செய்மதிச் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது; தொலைபேசியில் திசைகாட்டும் அம்புக்குறி ஒருமுறை கரையையும் மறுமுறை தண்ணீரையும் காட்டி அலையும்.

எனவே இரண்டு கட்டமாக அமையுங்கள். முதற்கட்டத்தில் பெட்டி வேண்டாம்: வருபவர் கரையில் நின்றபடியே பாலத்தின் தாங்குதூண்களை எண்ணி, அந்த எண்ணைக் கொண்டு அடுத்த இடத்தின் ஆள்கூற்றைக் கணக்கிடட்டும். பாலத்தின் நீளத்தைக் கேட்காதீர்கள். 396 மீற்றர் என்பதை வீட்டிலிருந்தே தேடி எடுத்துவிடுவார்கள். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை இக்கரையிலும் அக்கரையிலும் சனங்கள் பாதைக்காக (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்காக) காத்துநின்ற கதையை விவரக்குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். அது தெரியாமல் தூண்களை எண்ணிவிட்டுப் போகிறவருக்கு இந்தப் பாலம் எங்களுக்கு என்னவென்று விளங்காது.

பெட்டியை உங்களுக்குப் பழக்கமான ஒருவரின் கடை வளவிலோ வீட்டு வளவிலோ, அவருடைய சம்மதத்துடன் வையுங்கள். வேறொரு பெட்டி ஏற்கெனவே இருந்தால் அதிலிருந்து 161 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. மூடியில் இது விளையாட்டுப் பெட்டி என்று மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டுங்கள். உப்புக்காற்றில் தகரம் துருப்பிடித்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. கையொப்பப் புத்தகத்துடன் பேனைக்குப் பதிலாகப் பென்சிலை வையுங்கள், ஏனெனில் மாரியில் ஈரம் கசிந்தால் மை ஊறி முன்னர் வந்தவர்களின் பெயர்களெல்லாம் அழிந்துவிடும்.